சூடாகாத இஸ்திரிப் பெட்டி: தூக்கி எறியும் முன் பார்க்க வேண்டியவை

ஞாயிற்றுக்கிழமை மாலை வந்துவிட்டால், பள்ளிப் பிள்ளைகள் உள்ள வீடுகளில் இஸ்திரிப் பெட்டிக்கு ஓய்வில்லை. வெள்ளைச் சட்டை, கருநீலக் காற்சட்டை, பினஃபோர், தொழிற்சாலைக்குப் போகும் அண்ணனின் சீருடை, அலுவலகம் போகும் அக்காவின் சுடிதார் என்று துணிகள் வரிசையாகக் காத்திருக்கும். ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் வட்டாரத் தோட்டப்புறமானாலும் சரி, மலாக்கா நகரைச் சுற்றியுள்ள தாமான்களானாலும் சரி, இதில் வேறுபாடு இல்லை. அந்த நேரம் பார்த்துப் பெட்டி சூடேறாமல் நின்றுவிட்டால் வீட்டில் இரண்டு பேச்சு எழும். “புதுசு ஒன்னு வாங்கிடலாம்” என்பது ஒன்று. “வயரை ஆட்டிப் பாரு, வேலை செய்யும்” என்பது மற்றொன்று. முதலாவதில் பணம் வீணாகலாம். இரண்டாவதில் உயிருக்கே ஆபத்து உண்டு.

சூடாகாத பெட்டியின் உள்ளே எப்போதும் ஏதாவது கெட்டிருக்க வேண்டும் என்பதில்லை. சுவரில் உள்ள சுவிட்சு, பிளக்கின் உள்ளே இருக்கும் பியூஸ், வளைந்து வளைந்து நைந்துபோன வயர் ஆகியவற்றிலும் கோளாறு இருக்கலாம். எதை வீட்டிலேயே பார்க்கலாம், எதைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டும், எந்தப் பெட்டியை இனித் தொடவே கூடாது என்று பிரித்து அறிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், ஆபத்தும் குறையும்.

கரிப் பெட்டியிலிருந்து மின் பெட்டிக்கு

மின்சார இஸ்திரிப் பெட்டிக்கு அமெரிக்காவின் நியூயார்க் நகரைச் சேர்ந்த ஹென்றி சீலி 1882ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள் காப்புரிமை பெற்றார். ஆனால் அது மலாயாத் தோட்டத்து வீடுகளுக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் ஆயின. அதுவரை இங்கே இருந்தது கரிப் பெட்டிதான். உள்ளே தணலைக் கொட்டி, மூடியைத் தாழிட்டு, விசிறிக்கொண்டே தேய்ப்பார்கள். மூடியின் கொக்கியில் சேவல் உருவம் வைத்த பித்தளைப் பெட்டிகள் மலாய்க்காரர், சீனர், தமிழர் என எல்லா வீடுகளிலும் புழங்கின. துணி வெளுப்பதும் தேய்ப்பதும் இந்த மண்ணில் தமிழருக்குப் பழகிய தொழில். சிங்கப்பூரிலும் பினாங்கிலும் உள்ள ‘டோபி காட்’ என்னும் இடப்பெயர்கள் அந்தத் தொழிலின் தடயங்களே.

நாட்டில் மத்திய மின்சார வாரியம் 1949ஆம் ஆண்டு செப்டம்பர் 1ஆம் நாள் அமைக்கப்பட்டது. 1965இல் அது தேசிய மின்சார வாரியம் ஆனது. 1990ஆம் ஆண்டு செப்டம்பர் 1 முதல் தெனாகா நேஷனல் நிறுவனம் அந்தப் பொறுப்பை ஏற்றது. ஆனால் தோட்டங்களின் கதை வேறு. பல தோட்டங்களில் நிர்வாகத்தின் ஜெனரேட்டர்தான் மாலையில் சில மணி நேரம் மின்சாரம் கொடுத்தது. விளக்குக்கும் வானொலிக்கும் அது போதும். லயத்தில் பத்து வீட்டார் ஒரே நேரத்தில் இஸ்திரிப் பெட்டியைப் போட்டால் ஜெனரேட்டர் தாங்காது. அதனால் மின் விளக்கு வந்த பின்னும் கரிப் பெட்டி பல வீடுகளை விட்டுப் போகவில்லை. தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்குக் குடிநீரும் மின்சாரமும் கிடைக்கச் செய்யும் கடமையை முதலாளியின் மேல் வைத்தது, 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம், அதாவது சட்டம் 446.

இந்தப் பழைய கதைக்கும் இன்றைய பழுதுக்கும் தொடர்பு உண்டு. பழைய வீடுகளில் பழைய வயரிங், ஒரே செருகு முனையில் நான்கு கருவிகள், நிலக்கம்பி இல்லாத இணைப்பு ஆகியவை இன்றும் இருக்கக்கூடும். பெட்டி சூடேறாமைக்கும், தொட்டால் ‘சுரீர்’ என்று அடிப்பதற்கும் வீட்டின் வயரிங்கே காரணமாக இருக்கலாம்.

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

சாதாரண இஸ்திரிப் பெட்டியின் உள்ளமைப்பு எளிமையானது. மின்சாரம் செல்லும் பாதையை வரிசையாகச் சொன்னால் இவ்வளவுதான்: சுவர் சுவிட்சு, பிளக், பிளக்கினுள் பியூஸ், வயர், பெட்டியின் பின்புறத்தில் வயர் சேரும் திருகுகள், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட், அளவுக்கு மீறிச் சூடானால் அறுந்துபோகும் வெப்பப் பியூஸ், கடைசியாகச் சூடேற்றும் கம்பிச் சுருள். இந்தச் சங்கிலியில் ஓரிடத்தில் அறுந்தாலும் பெட்டி குளிர்ந்தே இருக்கும்.

சூடேற்றும் கம்பி நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகத்தால் ஆனது. அது அடித்தட்டோடு சேர்த்தே பதிக்கப்பட்டிருக்கும். மின்சாரம் பாயும்போது கம்பி சூடாகி, அந்தச் சூடு தட்டுக்குப் பரவுகிறது.

தெர்மோஸ்டாட் என்பது இரண்டு வெவ்வேறு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு தகடு. சூடேறும்போது ஓர் உலோகம் அதிகமாகவும் மற்றது குறைவாகவும் விரிவதால் தகடு வளைகிறது. வளையும்போது மின் இணைப்பு விடுபடும். ஆறியதும் தகடு நிமிர்ந்து மீண்டும் இணையும். தேய்த்துக்கொண்டிருக்கும்போது ‘டிக்’ என்ற ஒலியோடு சிறு விளக்கு அணைவதும் எரிவதும் இதனால்தான். விளக்கு அணைந்தவுடன் பெட்டி கெட்டுவிட்டது என்று பதற வேண்டாம். குறித்த சூட்டை எட்டிவிட்டது என்பதே அதன் பொருள்.

தொடங்கும் முன் மூன்று விதிகள்

ஒன்று, சுவர் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் உருவி எடுத்து, கண்ணில் படும்படி மேசைமேல் வைக்க வேண்டும்.

இரண்டு, பெட்டி முழுதாக ஆறும்வரை, குறைந்தது ஒரு மணி நேரமாவது, காத்திருக்க வேண்டும். “சூடாகவில்லை” என்று நினைத்த பெட்டி அரைகுறையாகச் சூடாகியிருக்கலாம்.

மூன்று, கையும் தரையும் உலர்ந்திருக்க வேண்டும். குளித்துவிட்டு ஈரக் காலோடு சிமெண்டுத் தரையில் நின்று பிளக்கைத் தொடக் கூடாது. நீராவிப் பெட்டியாக இருந்தால் தொட்டியில் உள்ள தண்ணீரை முதலில் ஊற்றிவிட வேண்டும்.

முதல் படி: செருகு முனையில் மின்சாரம் வருகிறதா?

சூடாகாத பெட்டியை எடுத்துவிட்டு, அதே இடத்தில் மேசை விளக்கையோ விசிறியையோ செருகிப் பார்க்கவும். அதுவும் ஓடவில்லை என்றால் பெட்டியின் மேல் குற்றமில்லை. மீட்டருக்கு அருகிலுள்ள பெட்டியில் எம்.சி.பி. சுவிட்சு ஏதாவது கீழே விழுந்திருக்கிறதா என்று பார்க்கவும். அக்கம்பக்கத்து வீடுகளிலும் மின்சாரம் இல்லை என்றால் தெனாகாவின் 15454 எண்ணில் புகார் செய்யலாம்.

இஸ்திரிப் பெட்டியைச் செருகிய உடனே வீடு முழுவதும் இருண்டு, ஆர்.சி.சி.பி. சுவிட்சு விழுந்தால் அது வேறு வகைப் பழுது. மின்சாரம் எங்கோ கசிந்து நிலத்துக்குப் போகிறது என்பதை அந்தச் சுவிட்சு சொல்கிறது. அதைத் தூக்கிவிட்டு மறுபடி மறுபடி முயலக் கூடாது. அந்தப் பெட்டியைத் தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். கையில் பிடித்துப் பயன்படுத்தும் கருவிகளுக்கான இணைப்புகளில் 30 மில்லி ஆம்பியர் அளவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்பு இருக்க வேண்டும் என்பது 1994ஆம் ஆண்டு மின்சார விதிமுறைகளின் நோக்கம். ஆர்.சி.சி.பி.யில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது. அழுத்தியும் சுவிட்சு விழவில்லை என்றால், அது காப்பாற்ற வேண்டிய நேரத்திலும் விழாது.

இரண்டாம் படி: பிளக்கும் பியூஸும்

நம் நாட்டில் பயன்படும் தட்டை ஊசிகள் கொண்ட மூன்று ஊசிப் பிளக்கினுள் ஒரு சிறு பியூஸ் இருக்கிறது. அது பலருக்குத் தெரிவதில்லை. ஊசிகளுக்கு நடுவே உள்ள சிறு மூடியை நெம்பினால் சில பிளக்குகளில் பியூஸ் வெளியே வரும். மற்றவற்றில் நடுத் திருகைக் கழற்றித் திறக்க வேண்டும்.

பியூஸ் அறுந்துவிட்டதா என்பது கண்ணுக்குத் தெரியாது. ஒழுங்காக ஓடும் இன்னொரு கருவியின் பிளக்கிலிருந்து அதே ஆம்பியர் அளவுள்ள பியூஸை எடுத்துப் போட்டுப் பார்ப்பது எளிய வழி. பெட்டி சூடேறினால் பழைய பியூஸ் போய்விட்டது என்று பொருள். புதியது வன்பொருள் கடைகளில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும்.

எந்த அளவு பியூஸ் போடுவது என்பதற்குச் சிறு கணக்கு உண்டு. பெட்டியின் அடியிலோ பின்புறத்திலோ எழுதியுள்ள வாட் அளவை 240ஆல் வகுக்கவும். 1000 வாட் பெட்டிக்கு 4.2 ஆம்பியர் தேவை. 1200 வாட் பெட்டிக்கு 5 ஆம்பியர். 2400 வாட் நீராவிப் பெட்டிக்கு 10 ஆம்பியர். வரும் எண்ணை விட ஒரு படி கூடுதலான பியூஸ் வேண்டும். எனினும் தயாரிப்பாளர் பிளக்கில் போட்டுக் கொடுத்த அளவையே திரும்பப் போடுவது பாதுகாப்பு. 13 ஆம்பியருக்கு மேல் அந்தப் பிளக்கில் எதையும் போடக் கூடாது.

பியூஸ் கிடைக்காத நேரத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றுவதும், செப்புக் கம்பியைச் செருகுவதும் சில வீடுகளில் பழக்கம். பெட்டி சூடேறும் என்பது உண்மை. ஆனால் அடுத்த முறை பழுது வரும்போது அறுந்து காப்பாற்ற வேண்டிய பியூஸ் அங்கே இருக்காது. வயர்தான் எரியும்.

பிளக் கருகியிருந்தாலோ, ஊசியின் அடியில் பழுப்பு நிறம் படர்ந்திருந்தாலோ, உள்ளே வயர் தளர்ந்திருந்தாலோ பிளக்கை மாற்ற வேண்டும். பழுப்பு வயர் ‘எல்’ முனைக்கு, நீல வயர் ‘என்’ முனைக்கு, பச்சையும் மஞ்சளும் கலந்த வயர் நடு ஊசிக்கு. பழைய பெட்டிகளில் முறையே சிவப்பு, கறுப்பு, பச்சை நிறங்களைக் காணலாம். பிளக் கருகியிருந்தால் சுவரில் உள்ள செருகு முனையையும் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் பித்தளைப் பிடி தளர்ந்திருந்தால் புதுப் பிளக்கும் சில வாரங்களில் கருகும்.

மூன்றாம் படி: வயர்

இஸ்திரிப் பெட்டியில் மிக அதிகமாக உழைப்பது வயர்தான். முன்னும் பின்னும் இழுபடும்போது, பெட்டிக்குள் நுழையும் இடத்தில் அது ஆயிரக்கணக்கான முறை வளைகிறது. வெளியே நூலுறை நன்றாகத் தெரியும். உள்ளே மெல்லிய செப்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கும். தேய்க்கும்போது விளக்கு மினுக்கி மினுக்கி எரிந்ததா, ஒரு கோணத்தில் பிடித்தால்தான் சூடேறியதா என்று நினைவுபடுத்திப் பார்க்கவும். ஆமாம் என்றால் கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

“வயரை ஆட்டிப் பாரு” என்பதன் ஆபத்து இதில்தான் இருக்கிறது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது அறுந்த இடத்தை வளைத்தால் தீப்பொறி பறக்கும். நூலுறை கருகும். ஓட்டை வழியே விரல் செப்பைத் தொட்டால் 240 வோல்ட் உடம்பில் பாயும். எனவே பிளக்கை உருவிய பிறகே வயரைத் தடவிப் பார்க்க வேண்டும். ஓரிடத்தில் மட்டும் தொளதொளவென்று வளைந்தால், கருகல் வாடை வந்தால், உறை வீங்கியோ உருகியோ இருந்தால் வயர் முடிந்துவிட்டது.

நைந்த இடத்தை வெட்டி, முறுக்கிச் சேர்த்து, கறுப்பு டேப் ஒட்டுவது தீர்வாகாது. இஸ்திரிப் பெட்டியின் வயர் சூட்டைத் தாங்க வேண்டும், இடைவிடாமல் அசைய வேண்டும். டேப்பின் பசை சூட்டில் இளகிவிடும். முழு வயரையும் மாற்ற வேண்டும். அதுவும் இஸ்திரிப் பெட்டிக்கென்றே விற்கப்படும் நூலுறை போட்ட மூன்று கம்பி வயராக இருக்க வேண்டும். மேசை விசிறியிலிருந்து எடுத்த இரண்டு கம்பி வயரைப் போட்டால் பெட்டி சூடேறும். ஆனால் நிலக்கம்பி இல்லாமல் போகும். வயரை மாற்றப் பெட்டியைத் திறக்க வேண்டும் என்பதால், பழக்கம் இல்லாதவர்கள் இதைக் கடையில் கொடுப்பதே முறை.

நான்காம் படி: சூட்டுக் குமிழ்

சிரிப்பு வரலாம், ஆனால் குமிழ் ‘குறைவு’ என்ற இடத்தில் நிற்பதும் ‘சூடாகாமைக்கு’ ஒரு காரணம். மாமியார் பட்டுச் சேலைக்குக் குறைத்து வைத்திருப்பார், மருமகள் அதைக் கவனிக்காமல் பருத்திச் சட்டையைத் தேய்ப்பார். குமிழில் உள்ள புள்ளிகளுக்குப் பொருள் உண்டு. துணியின் உள்பக்கச் சீட்டிலும் அதே புள்ளிகளே அச்சிடப்பட்டிருக்கும். ஒரு புள்ளி என்றால் அதிகபட்சம் 110 பாகை செல்சியஸ்; நைலான் போன்றவற்றுக்கு. இரண்டு புள்ளி 150 பாகை. பாலியெஸ்டர், கம்பளி, பட்டு ஆகியவற்றுக்கு. மூன்று புள்ளி 200 பாகை, பருத்திக்கும் லினனுக்கும். சரிகைச் சேலையின் மேல் மெல்லிய பருத்தித் துணியை விரித்துத் தேய்ப்பது எப்போதும் நல்லது.

பிளக்கை உருவிய நிலையில் குமிழை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு மெல்லத் திருப்பவும். ஓரிடத்தில் ‘டிக்’ என்று கேட்டால் தெர்மோஸ்டாட்டின் இணைப்பு திறந்து மூடுகிறது. ஒலியே இல்லாமல் குமிழ் சுற்றிக்கொண்டே போனால், குமிழுக்கும் உள்ளே உள்ள தண்டுக்கும் இடையிலான பிடி உடைந்திருக்கலாம்.

புதிய நீராவிப் பெட்டிகள் சிலவற்றில் தானாக அணையும் வசதி உண்டு. சிறிது நேரம் அசையாமல் கிடந்தால் மின்சாரத்தை அதுவே நிறுத்திவிடும். கையில் எடுத்து அசைத்தால் மீண்டும் சூடேறத் தொடங்கும். பழைய பெட்டிக்குப் பழகியவர்கள் இதைப் பழுது என்று எண்ணிக் கடைக்கு எடுத்துப் போவதுண்டு.

சிறு விளக்கு சொல்லும் சேதி

இதுவரை எல்லாம் சரி, ஆனாலும் சூடில்லை என்றால் பெட்டியின் சிறு விளக்கைக் கவனிக்க வேண்டும். விளக்கு எரியவே இல்லை என்றால், மின்சாரம் தெர்மோஸ்டாட்டைத் தாண்டி வரவில்லை. வயர், தெர்மோஸ்டாட், சில பெட்டிகளில் வெப்பப் பியூஸ் ஆகியவற்றில் ஒன்றில் கோளாறு. விளக்கு எரிகிறது, ஆனால் தட்டு குளிர்ந்தே கிடக்கிறது என்றால், கம்பிச் சுருளோ வெப்பப் பியூஸோ அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். விளக்கு எரிந்து சூடும் ஏறுகிறது, ஆனால் போதவில்லை என்றால் குமிழ், தெர்மோஸ்டாட், வீட்டு மின்னழுத்தம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள், பிளக்கை உருவிய நிலையில், ஓம் அளவில் வைத்துப் பிளக்கின் ‘எல்’, ‘என்’ ஊசிகளுக்கு இடையே அளக்கலாம். குமிழ் அதிகச் சூட்டில் இருக்க வேண்டும். 1000 வாட் பெட்டி ஏறக்குறைய 55 முதல் 60 ஓம் காட்டும். 2400 வாட் பெட்டி ஏறக்குறைய 24 ஓம் காட்டும். எண்ணே வரவில்லை என்றால் பாதை எங்கோ அறுந்துள்ளது. அடுத்து நடு ஊசிக்கும் அடித்தட்டின் உலோகத்துக்கும் இடையே அளக்க வேண்டும். பூஜ்யத்துக்கு மிக அருகில் இருந்தால் நிலக்கம்பி சரியாக உள்ளது. கடைசியாக ‘எல்’ ஊசிக்கும் நடு ஊசிக்கும் இடையே எந்த எண்ணும் வரக் கூடாது. வந்தால் மின்சாரம் தட்டுக்குக் கசிகிறது. அந்தப் பெட்டியை மீண்டும் செருகவே கூடாது.

வெப்பப் பியூஸ் ஒருமுறை அறுந்தால் மீண்டும் சேராது. அது சும்மாவும் அறுவதில்லை. தெர்மோஸ்டாட்டின் இணைப்புகள் உருகி ஒட்டிக்கொண்டு, பெட்டி நிற்காமல் சூடேறியதால் அறுந்திருக்கலாம். எனவே வெப்பப் பியூஸை மட்டும் மாற்றினால் பாதி வேலைதான். அதை எடுத்துவிட்டுக் கம்பியால் நேராக இணைத்துக் கொடுக்கும் ‘மலிவான’ பழுதுபார்ப்பை ஏற்கவே கூடாது. அத்தகைய பெட்டி அடுத்த முறை கட்டுக்கடங்காமல் சூடானால் தடுக்க எதுவும் இருக்காது.

கம்பிச் சுருள் அறுந்திருந்தால் கதை முடிந்தது. அது அடித்தட்டோடு பதிக்கப்பட்டிருப்பதால், தட்டையே மாற்ற வேண்டும். சாதாரணப் பெட்டிக்கு அது புதிய பெட்டியின் விலையை நெருங்கிவிடும்.

சூடேறுகிறது, ஆனால் போதவில்லை

இது தோட்டத்துப் பழைய வீடுகளிலும், நீண்ட நீட்டிப்பு வயர் போட்ட வீடுகளிலும் வரும் குறை. மலேசியாவின் அதிகாரபூர்வ மின்னழுத்தம் 2008ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் 230 வோல்ட். அது 10 விழுக்காடு கூடவும் 6 விழுக்காடு குறையவும் இடமுண்டு. அதாவது ஏறக்குறைய 216 முதல் 253 வோல்ட் வரை.

மின்னழுத்தம் சற்றுக் குறைந்தாலும் சூடு வெகுவாகக் குறையும். 240 வோல்ட்டில் 1000 வாட் தரும் பெட்டிக்கு 180 வோல்ட் மட்டுமே கிடைத்தால், ஏறக்குறைய 560 வாட் சூடுதான் வரும். கால் பங்கு அழுத்தம் குறைந்தால், சூட்டில் கிட்டத்தட்டப் பாதி போய்விடுகிறது. மெல்லிய நீட்டிப்பு வயர், தளர்ந்த இணைப்புகள், ஒரே முனையில் சோற்றுப் பானையும் கெட்டிலும் சேர்ந்து ஓடுவது ஆகியவை இந்தக் குறைக்குக் காரணங்கள். 13 ஆம்பியர் முனை ஒன்றால் மொத்தமாக ஏறக்குறைய 3000 வாட் தாங்க முடியும். 2400 வாட் நீராவிப் பெட்டியும் சோற்றுப் பானையும் சேர்ந்தாலே அதைத் தாண்டிவிடும். இஸ்திரிப் பெட்டியை நேராகச் சுவர் முனையில், தனியாகச் செருகுவதே சரி.

சுவர் முனையில் தனியாகச் செருகியும் சூடு குறைவாக இருந்து, மாலையில் விளக்குகளும் மங்கினால், அதைப் பதிவு பெற்ற வயர்மேன் ஒருவரைக் கொண்டு சோதிக்க வேண்டும். தோட்ட வீடாக இருந்தால் நிர்வாகத்திடம் எழுத்து மூலம் தெரிவிப்பது நல்லது. கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளவும்.

செய்யக் கூடாத சில

இரண்டு ஊசிப் பிளக்கைச் செருக, நிலக்கம்பித் துளையில் பேனாவையோ குச்சியையோ விட்டு நெம்பும் வழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. இஸ்திரிப் பெட்டிக்கு இதை ஒருபோதும் செய்யக் கூடாது. தட்டு முழுதும் உலோகம். உள்ளே ஒரு வயர் நழுவித் தட்டைத் தொட்டால், நிலக்கம்பி இருந்தால் பியூஸ் அறுந்து மின்சாரம் நிற்கும். நிலக்கம்பி இல்லாவிட்டால் தேய்ப்பவரின் உடம்பு வழியே நிலத்துக்குப் பாயும்.

தட்டில் ஒட்டிய கரியைக் கத்தியால் சுரண்டக் கூடாது. பெட்டி சூடாக இருக்கும்போதே வயரைச் சுற்றி வைக்கக் கூடாது. உறை உருகும், உள்ளே செப்பு இழைகள் நையும். ‘ஒரு நிமிடம்’ என்று கதவைத் திறக்கப் போகும்போதும் பிளக்கை உருவிவிட்டுப் போக வேண்டும். தீ பிடித்தால் முதலில் மீட்டர்ப் பெட்டியில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். மின் கருவியின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அழைக்க வேண்டிய எண் 999.

ஒருவர் மின்சாரம் பட்டு ஒட்டிக்கொண்டால், அவரைத் தொட்டு இழுக்காமல் சுவிட்சை அணைக்க வேண்டும். சூட்டுக் காயத்துக்குப் பற்பசை, கிச்சாப், வெண்ணெய் எதுவும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு, காயம் பெரிதாக இருந்தால் கிளினிக்கோ மருத்துவமனையோ போக வேண்டும்.

பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா?

பியூஸ், பிளக் மட்டும் என்றால் தயங்காமல் பழுது பார்க்கலாம். வயர் என்றால் கடைக்காரரிடம் முதலில் விலை கேட்க வேண்டும். புதிய பெட்டியின் விலையில் பாதியைத் தாண்டினால் யோசிக்கலாம். தெர்மோஸ்டாட்டும் வெப்பப் பியூஸும் சேர்ந்து போயிருந்தாலோ, கம்பிச் சுருள் அறுந்திருந்தாலோ, மின்சாரம் கசிந்தாலோ புதிது வாங்குவதே சரி. கனமான பழைய பெட்டிகளின் தட்டு நன்றாக இருந்தால், வயர் மாற்றி இன்னும் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம்.

புதிய பெட்டி வாங்கும்போது சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கவும். இஸ்திரிப் பெட்டி, எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் பெற்றே நாட்டில் விற்கப்பட வேண்டிய மின் கருவிகளில் ஒன்று. இணையத்தில் மலிவாக வரும் பெட்டிகளில் அந்த முத்திரை இல்லாதவையும் உண்டு. இரண்டு ஊசியோடு வந்தால் அப்போதே திருப்பி அனுப்பிவிடலாம்.

உத்தரவாத அட்டையில் கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்கவும், ரசீதைப் பத்திரப்படுத்தவும். வெயில் பட்டால் எழுத்து மறையும் வகை ரசீது என்றால் கைப்பேசியில் படம் எடுத்து வைக்கலாம். உத்தரவாதக் காலத்தில் பெட்டியைத் திறக்கக் கூடாது. ஒரு திருகைக் கழற்றினாலும், “நீங்கள் திறந்துவிட்டீர்கள்” என்று கடைக்காரர் கைவிரிக்க இடம் கொடுத்ததாகிவிடும்.

வாங்கிய சில வாரத்திலேயே பெட்டி சூடாகாமல் போய், கடையும் மாற்றித் தர மறுத்தால் பயனீட்டாளருக்கு வழி உண்டு. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்க வேண்டும். மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் வழக்குப் பதியலாம். வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். இஸ்திரிப் பெட்டிக்கு இவ்வளவு தூரமா என்று தோன்றலாம். ஒரு நாள் சம்பளத்துக்கு மேல் கொடுத்து வாங்கியவருக்கு அது சின்னத் தொகை அல்ல.

பழைய பெட்டியைக் கழிக்க முடிவு செய்தால், பிளக்கை உருவிய பிறகு வயரைப் பெட்டிக்கு அருகிலேயே வெட்டிவிட வேண்டும். பழைய பொருள் லாரியில் போட்ட பெட்டியை வேறு யாராவது எடுத்துப் போய், தங்கள் வீட்டுச் சுவரில் செருகிப் பார்க்காமல் இருக்க அது ஒன்றே வழி.